சார்ட்டில் எழுதாத பழங்கள்

நவம்பர் 15, செவ்வாய்

டயாலிசிஸ் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கும் ஹெலன் மேடம் இன்று ஒரு சார்ட் கொடுத்தார். என் கணவர் ஜபருல்லா காலையிலிருந்து படுக்கிறவரை வாயில் போடுவதையெல்லாம் நான் அதில் எழுத வேண்டும். இட்லி எத்தனை, தண்ணீர் எத்தனை மில்லி, காய் என்ன. கட்டங்கள் சின்னதாக இருக்கின்றன. மிச்சத்தை எழுத இந்த டைரியை எடுத்தேன். லாரி ஆபீஸில் வருஷா வருஷம் கடைக்குத் தருவது. பிப்ரவரியில் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அதிலிருந்து இதில் யாரும் எதுவும் எழுதவில்லை.

வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, திண்டுக்கல் போகிறோம். நாலு மணி நேரம் மெஷின். மற்ற நாட்களில் வத்தலக்குண்டில் எங்கள் பழக்கடை. மலையிலிருந்து கமலா ஆரஞ்சு இறங்கும் சீசன் இது.

இன்று ரத்தத்தில் பொட்டாசியம் 6.1. ஐந்தரைக்குள் இருக்க வேண்டுமாம், ஏறினால் இருதயத்தை நிறுத்திவிடுமாம்.

ஆகஸ்டில் எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், சிறுநீரகம் கொடுக்க. எனக்குப் பொருந்தவில்லை. அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 16, புதன்

மலையில் தாண்டிக்குடியிலிருந்து நாற்பது கிரேட் பழம் வந்தது. அவரால் தூக்க முடியாது. இடது கையில் ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் எடை கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், நானும் வெள்ளத்தாயும் பிரித்தோம். வெள்ளத்தாய் எங்கள் கடையில் பழம் பொறுக்க வந்து பதினெட்டு வருஷம்.

"கமலாவுக்குத் தோலு வேற, சொளை வேற சபுரா. நடுவுல காத்து நிக்கும். சாத்துக்குடி மாதிரி அள்ளிப் போட்டீன்னா வெளிய தெரியாது, உள்ள நசுங்கிரும். ஒவ்வொண்ணா வையி," என்று அவர் என்னிடம் சொன்னார்.

காம்புக் குமிழோடு வெட்டின பழம் ஒரு பக்கம். குமிழ் பிடுங்கிக்கொண்ட பழம் இன்னொரு பக்கம், அதை இன்றே விற்க வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். நிழலில், காற்றாட வைத்தால் பத்து நாள். வாழைத்தாரைப் பக்கத்தில் தொங்கவிடக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக அவர் சம்சாரமாக இருக்கிறேன். இதெல்லாம் இன்றுதான் கேட்கிறேன்.

சார்ட்: இட்லி 3, சட்னி இல்லை. சாதம், பீர்க்கங்காய். தண்ணீர் 750.

நவம்பர் 18, வெள்ளி

மாசமாக இருக்கும் ஒரு பெண் அவள் மாமியாரோடு வந்தாள். "இது சாப்புட்டா சளி பிடிக்குமா அக்கா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், பிடிக்காதும்மா, சி வைட்டமின் இருக்கு, நார்ச்சத்து இருக்கு, ரத்தத்துக்கு நல்லது, சுளையோட வெள்ளை நாரை உரிச்சுப் போடாம சாப்பிடு என்று. ஹெலன் மேடம் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதை அப்படியே ஒப்பித்தேன். அதில் கடைசி வரி பொட்டாசியம். அதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது நல்லதுதான்.

அவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வேவாரம் நல்லா பேசுற" என்றார்.

நவம்பர் 19, சனி

டயாலிசிஸ். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கினார்.

நவம்பர் 22, செவ்வாய்

6.6.

டியூட்டி டாக்டர் என்னைத்தான் திட்டினார். ஹெலன் மேடம் சார்ட்டை இரண்டு தடவை மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் பார்த்தார். "உருளைக்கிழங்கு?" "இல்ல மேடம்." "காய நறுக்கி ஊற வெச்சு, வேக வெச்சு, தண்ணிய வடிச்சுத்தானே போடுறீங்க?" "ரெண்டு தண்ணி வடிக்கிறேன்." "இளநி, தக்காளி, பழம்?" "எதுவும் இல்ல."

"அப்புறம் எப்படி ஏறுது? நீங்க எழுதுறது உண்மைன்னா இந்த நம்பர் வரவே வராதே."

அவர் மெஷினில் படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 23, புதன்

பீர்க்கங்காய் மூன்று தண்ணீர் வடித்தேன். சக்கை மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நவம்பர் 27, ஞாயிறு

மத்தியானம் வெள்ளத்தாய் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டாள். காலி கிரேட்டுகளுக்கு அடியில் தோல். காய்ந்தது, பாதி காய்ந்தது, ஈரமாக இருப்பது. எண்ணவில்லை. இரண்டு மூன்று நாளில் சேர்ந்தது இல்லை. மூன்று வாரத் தோல்.

"நான் சொன்னேன்னு பாய்க்கிட்ட சொல்லிறாத யம்மா. ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு. தொழுகப் போறேன்னு பின்னால வாராக."

"எத்தனை நாளா தெரியும்?"

"எனக்கா? எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். நீதான் கேப்பேன்னு பாத்தேன்."

தோலை ஒரு சாக்கில் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். கையில் வாசனை போக இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. அவரிடம் கேட்கவில்லை. சார்ட்டில் தோசை 2 என்று எழுதினேன்.

நவம்பர் 29, செவ்வாய்

6.4. ஹெலன் மேடம் லீவு.

டிசம்பர் 3, சனி

மகள் ஷிஃபானா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் ஒன்றரை வருஷமாக வேலை. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து அவளுடைய அத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி நேரமும் அவளுடைய மேனேஜரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அவர் சிரித்தபோது மெஷின் அலாரம் அடித்தது. நர்ஸ் வந்து கையை ஆட்டக்கூடாது என்றாள்.

டிசம்பர் 4, ஞாயிறு

காலையில் நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஷிஃபானா வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ப்ளட் டெஸ்ட் குடுத்துட்டேன். கோயம்புத்தூர்லயே. அத்தா குரூப்தான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உங்களுக்குத்தான் பொருந்தலயே. மைமூன் குப்பிக்கு சுகர். வேற யாரு இருக்கா?"

மைமூன் அவருடைய அக்கா, திண்டுக்கல்லில் இருக்கிறார்.

"உனக்கு இருபத்திமூணு வயசு."

"தெரியும்மா. என் வயசு எனக்குத் தெரியாதா?"

கொத்தவரங்காயை நறுக்கி முடித்தேன். ஊற வைத்தேன். அவள் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 6

மழை. மலையிலிருந்து லாரி இறங்கவில்லை. 6.3.

டிசம்பர் 7

மழை.

டிசம்பர் 10, சனி

இரண்டு நாள் மழையில் ஈரத்தோடு வந்த பழம். ஒரு கிரேட்டில் ஒன்றுக்குப் பச்சைப் பூசணம். அதைச் சுற்றி இருந்த ஆறும் தொட்டால் அமுங்கியது. அவர் பார்த்துவிட்டு, "நேத்தே எடுத்துருக்கணும். அது ஒண்ணோட நிக்காது" என்றார். மழை ஈரத்தைத் துடைத்து ஒரு நாள் ஆறவிட்ட பிறகுதான் அடுக்க வேண்டுமாம்.

பஸ்ஸில் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"பழம் திங்கிறீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தாகம் சபுரா. முக்கா லிட்டர்னு அளந்து ஊத்துறீங்க. நாக்கு கட்ட மாதிரி கெடக்குது. தண்ணி குடிச்சா எடைல தெரிஞ்சிரும். ஒரு சொளைய வாயில போட்டா தொண்ட வரைக்கும் போகுது. அம்புட்டுத்தான்."

"அஞ்சு பழம் திங்கிறீங்க."

"எண்ணினியா?"

"வெள்ளத்தாய் எண்ணினா."

சிரித்தார். அப்புறம், "ஹெலன் மேடத்துக்கிட்ட சொல்லிறாத" என்றார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. ஒரு மனுஷன் தாகம் என்கிறான். நான் எந்த வாயால் வேண்டாம் என்பது?

டிசம்பர் 12, திங்கள்

பதினொன்றரை மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "கால் வரல" என்றார். வலிக்கிறதா என்றால் இல்லை, வரவில்லை என்கிறார். வெள்ளத்தாயும் பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து தூக்கிக் காரில் ஏற்றினோம். திண்டுக்கல் போகிறவரை என் மடியில் அவர் தலை. இருதயம் துடிப்பது மெதுவாக இருந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

7.4. ஊசி போட்டு, உடனே மெஷினில் போட்டார்கள். டாக்டர் சொன்னார், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்று. நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். கேன்டீனில் டீ குடித்தேன். டீ சூடாக இருந்தது என்று நாக்கு வெந்த பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் 13, செவ்வாய்

ஹெலன் மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார், எலுமிச்சையை மோந்து பார்க்கச் சொன்னார். "கமலா ஆரஞ்சு கெட்ட பழம் இல்லம்மா. அவரால அத வெளிய அனுப்ப முடியல, அதான்" என்றார்.

டிசம்பர் 16, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 24, மதுரை. எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகு டாக்டர் உமையாள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இவரும் மைமூன் மதினியும் ஷிஃபானாவும் வெளியில் பெஞ்சில் இருந்தார்கள்.

டாக்டர் சொன்னார்: "ரத்தம் பொருந்துது. உங்க சிறுநீரகம் ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க குடுக்கலாம். குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. அத உங்ககிட்ட தனியாக் கேக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். இஷ்டம் இல்லைன்னா, இவங்களால குடுக்க முடியாதுன்னு மட்டும் வெளிய சொல்லுவேன். காரணம் சொல்ல மாட்டேன். யாருக்கும்."

நான் யோசிக்கவே இல்லை. "எனக்கு வேணாம்மா" என்றேன்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார், இவங்களால குடுக்க முடியாது என்று. மைமூன் மதினி, "பொருந்தலயா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

காரணம் எழுதலாம் என்று பார்க்கிறேன். என் அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போய் வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அதனால் பயந்தேன் என்று எழுதினால் யாரும் நம்புவார்கள். ஆனால் அன்று அந்த அறையில் அம்மா ஞாபகம் வரவில்லை. இவர் மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. சீசனில் மாசக்கணக்கில் மலையில் கிடப்பார், வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். கெட்டவர் இல்லை. என் உடம்பு எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதற்கு மேல் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 20, செவ்வாய்

5.9. பழம் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஷிஃபானா போன் செய்தாள். ஜனவரி 6 மதுரையில் அவளுக்கு மற்ற டெஸ்ட்டுகள். டாக்டர் உமையாளிடம் அவளே பேசித் தேதி வாங்கிவிட்டாள். "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. உங்களுக்குப் பொருந்தியிருந்தா நீங்க பயந்துக்கிட்டேதானே குடுத்திருப்பீங்க. அதே மாதிரிதான்."

டிசம்பர் 21

எதுவும் இல்லை.

டிசம்பர் 22

எதுவும் இல்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

பண்டிகைக் கூட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது. வெள்ளத்தாய் சாப்பிடப் போயிருந்தாள். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான், ஷிஃபானாவ டெஸ்ட்டுக்கு அனுப்ப வேணாம்" என்றேன்.

"நானும்தான் சொல்றேன். கேட்டாத்தானே."

"எனக்குப் பொருந்துச்சு."

"என்னது?"

"ஆகஸ்ட்ல. எனக்குப் பொருந்துச்சு. டாக்டர் கேட்டாங்க. நான் வேணாம்னுட்டேன்."

அந்த நேரம் ஒருத்தர் பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு கிலோ கேட்டார். இவர் எழுந்து, நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, எடை போட்டு, மேலே ஒரு பழம் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். "பிளாஸ்டிக் கவருக்குள்ள கட்டி வச்சிராதீங்க, வேர்த்து அழுகிரும்" என்று அவரிடம் சொன்னார். பைக் போனது. வந்து உட்கார்ந்தார்.

"மைமூனுக்குத் தெரியுமா?"

"இல்ல. யாருக்கும் தெரியாது."

"ம்."

கிரேட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே சுளை சுளையாகத் தின்றார். நான் தடுக்கவில்லை. இரண்டாவது. மூன்றாவதை உரிக்கும்போது வெள்ளத்தாய் வந்துவிட்டாள். "என்ன பாய் பண்றீக!" என்று கையிலிருந்து பிடுங்கினாள். என்னைப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்கிறியே, நீயெல்லாம்..." என்றாள். முடிக்கவில்லை.

சார்ட்: கமலா ஆரஞ்சு 2. முதல் தடவையாக எழுதினேன்.

டிசம்பர் 26, திங்கள்

காலையில் ஒரு பையில் இரண்டு லுங்கி, சட்டை, மாத்திரை எடுத்துக்கொண்டு மைமூன் மதினி வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் யாராவது கேட்டால் ஆஸ்பத்திரி பக்கமாகத் தங்கியிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். அதுவும் நிஜம்தான், அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

டிசம்பர் 27, செவ்வாய்

மைமூன் மதினி போன் செய்து, தம்பி நல்லா இருக்கான், நீ கடையைப் பார், நான் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மதினியிடம் இவர் விஷயத்தைச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

டிசம்பர் 28, புதன்

ஷிஃபானாவிடம் போனில் சொன்னேன். அவளுடைய மதிய உணவு நேரம் பார்த்து அடித்தேன். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இத ஏன் இப்ப சொல்றீங்க?"

"நீ போகக்கூடாதுன்னு."

"நான் போறத நிறுத்தத்தான் சொன்னீங்க. இல்லாட்டி சொல்லியிருக்கவே மாட்டீங்க."

"ஆமா."

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 30, வெள்ளி

பண்ணைக்காட்டிலிருந்து சீசனின் கடைசிப் பெரிய லோடு. அறுபது கிரேட். இவ்வளவையும் கடையில் வைத்தால் தாங்காது. அவருக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். அவர் சொன்னதையெல்லாம் ஞாபகப்படுத்திச் செய்தேன். குமிழ் உள்ள பழத்தை மட்டும் பிரித்து நாற்பது கிரேட், ஒட்டன்சத்திரம் கோல்டு ஸ்டோரேஜுக்கு அனுப்பினேன். ஆறு டிகிரி. நாலுக்குக் கீழே போனால் தோலில் பழுப்புப் புள்ளி விழும். வாழை இருக்கும் ரூம் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அங்கிருந்தவர், "பாய் சம்சாரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 2

புது டைரி வந்தது. லாரி ஆபீஸ்காரர் அவரை விசாரித்தார். ஆஸ்பத்திரி பக்கம் என்றேன்.

ஜனவரி 6, வெள்ளி

ஷிஃபானா ஒரு வரி அனுப்பியிருந்தாள்: போகிறேன், யாரும் வர வேண்டாம். நான் போனேன். மதுரை ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் பைல். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.

பைலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வேணாம்னு சொன்னது தப்புன்னு நான் சொல்லலம்மா. அது உங்க உடம்பு. ஆனா அன்னிக்கி ஆட்டோல அழுதீங்களே. பொருந்தலன்னு. நான் உங்களத் தேத்தினேன். அதான் எனக்கு ஆறல."

அழுதது ஞாபகம் இருக்கிறது. நடிக்கவில்லை. எதற்கு அழுதேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

டாக்டர் உமையாள் வெளியே வந்தார். ஷிஃபானாவைப் பார்த்து, "டெஸ்ட் எதுவும் வேணாம்மா. உங்க அத்தா முந்தாநாள் அவரே வந்தாரு. மககிட்ட வாங்கிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இறந்தவங்ககிட்டருந்து வர்றதுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல பேரு பதிஞ்சாச்சு. ரெண்டு வருஷம் ஆகலாம், மூணும் ஆகலாம். அதுவரைக்கும் டயாலிசிஸ ஒழுங்கா பண்ணணும், சாப்பாட்ட ஒழுங்கா சாப்பிடணும்" என்றார்.

நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், என் பைலில் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தால் மாற்ற வேண்டும் என்று. "அப்படி நாங்க எழுதவே இல்லம்மா. இவர் கொடையாளர் இல்லைன்னு மட்டும்தான் இருக்கு" என்றார். பொருந்தவில்லை என்பது எந்தத் தாளிலும் இல்லை. அது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஷிஃபானா பஸ் ஏறினாள். தண்ணீர் பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 9, திங்கள்

வெள்ளத்தாய் நானூறு பழம் பிரித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "சாப்புட்டியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் தூக்குவாளியிலிருந்து மிச்சக் குழம்புச் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 12, வியாழன்

ஹெலன் மேடம் போன். "உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு 5.2 வந்துருக்கு. ரொம்ப நல்லாருக்கு. ஆனா சார்ட் காலியா வருது. அங்க யாரும் எழுத மாட்டேங்குறாங்க, அவரும் பேச மாட்டேங்குறாரு. நீங்க எப்ப வருவீங்க?"

தெரியவில்லை மேடம் என்றேன்.

ஜனவரி 14

கோல்டு ஸ்டோரேஜ் போய்ப் பார்த்தேன். பழம் நன்றாக இருக்கிறது.

ஜனவரி 17, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அவர் போன். இருபத்திரண்டு நாளில் முதல் தடவை.

"இன்னிக்கி நீ வா."

"மதினி?"

"அவ வேணாம். பேசியே கொல்றா."

கடையை வெள்ளத்தாயிடம் விட்டுவிட்டு எட்டரை பஸ்ஸில் போனேன். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முகம் மட்டும் உப்பியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய முறைக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வலிக்கும்னு பயந்தியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நீ செத்துருவேன்னா?"

"அது கூட இல்ல மச்சான். குடுக்க மனசு வரல."

"நான் செத்துருவேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்ன."

"ஆமா."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்கிறவர் வாளியோடு வந்தார். இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டோம். அவர் போன பிறகு இறக்கினோம்.

"எனக்கும் உன்ன வெட்டி எடுத்து வாழணும்னு இல்ல," என்றார். "ஆனா நீ குடுப்பேன்னு நெனச்சேன். பொருந்தலன்னு சொன்னப்ப, அட பாவம், இவ எம்புட்டு வருத்தப்படுறான்னு நெனச்சேன். அந்த நெனப்ப வெச்சுத்தான் ஆகஸ்டுக்கு அப்புறம் ஓட்டுனேன். அது போச்சு. அதத்தான் தாங்க முடியல. கிட்னி இல்ல."

அவர் பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ கேக்க மாட்டேன்," என்றார். "நீயும் மனசு மாறி வந்து நிக்காத. எனக்கு வேணாம். லிஸ்ட்ல வந்தா வருது."

"சரி."

"ஆனா இதுக்கு நீ வரணும். வாரத்துக்கு மூணு நாளும்."

"வர்றேன்."

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே போய்ப் படுத்தார். ஊசி இரண்டும் போட்டார்கள். குழாயில் சிவப்பாக ஏறி மெஷினுக்குப் போனது. எத்தனையோ தடவை பார்த்தது. ஹெலன் மேடம் வந்து, "வந்துட்டீங்களா?" என்று புதுச் சார்ட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். "ரெண்டு இட்லி. மைமூன் இட்லி, கல்லு" என்றார்.

எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. கை நடுங்கியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தோள் நடுங்கியது. பல் அடித்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை. இத்தனை மாதமும், கால் வரவில்லை என்று அவரை மடியில் போட்டுக்கொண்டு வந்த அன்றுகூட, எனக்கு இப்படி வந்ததில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்டூல் ஆடும் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"ஏசி குளுருதா?"

"இல்ல."

"பெறகு?"

"பயமா இருக்கு மச்சான்."

"எதுக்கு?"

"நீங்க போயிருவீங்களோன்னு."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி இல்லாத கையை மட்டும் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"இப்பத்தான் வந்துச்சா?" என்றார்.